பாதம் இல்லாத ரக்கூன்

தோலும் தலையும் வாலும் போய்விட்டால், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை போட்ட எங்கள் காட்டு ரக்கூனும் வீட்டுப் பூனையும் ஒன்றுபோலத்தான் கிடக்கும். அதனால்தான் எங்கள் ஆற்றங்கரைப் பக்கத்தில், தோலுரித்த ரக்கூனை ஒரு வீட்டுக்குக் கொடுக்கும்போது ஒரு காலில் மட்டும் பாதத்தை வெட்டாமல் விட்டுக் கொடுப்பார்கள். கறுப்பாக, நீள நீள விரலோடு, கைக்குழந்தையின் கை மாதிரி இருக்கும் அது. அதைப் பார்த்துவிட்டால் வாங்குகிறவர்களுக்கு நிம்மதி. பாதம் இல்லாமல் கொண்டுவருகிறவனை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்போம். ஆர்க்கன்சா மாநிலத்தில் இந்தச் சதுப்புக்காட்டு ஓரம் பிறந்த யாரும் அதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எழுபத்தேழாம் வருஷத்து ஜனவரியில் அம்ஸி டோலிவர் வெர்லீன் வீட்டுக்கு ஒரு ரக்கூன் கொண்டுவந்தான். அதற்கு நாலு காலிலும் பாதம் இல்லை.

வெர்லீன் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. அவள் புருஷன் ஐசோம், மரம் அறுக்கிற மில்லில் வேலை பார்த்தவன், நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அம்ஸியும் மனைவியைப் பறிகொடுத்தவன்தான். கண்ணி வைத்துப் பிடிப்பதில் கெட்டிக்காரன் என்று பேர். இலை உதிரத் தொடங்கியதிலிருந்து வாரம் தவறாமல் வெர்லீன் வீட்டுக்கு எதையாவது தூக்கிக்கொண்டு வருவான். அணில், முயல், காட்டு வாத்து, சில சமயம் நல்ல கொழுத்த ரக்கூன். "நான் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோட போனதே கிடையாது" என்று சர்ச் வாசலில் நின்று அவன் சொல்வதை எங்களில் கேட்காதவர்கள் இல்லை.

கறியைக் கொடுத்துவிட்டு, காபி வாங்கிக்கொண்டு, பின்கட்டுப் படியில் போய் உட்காருவான். அங்கேதான் பட்டன் வரும்.

பட்டன் வெர்லீன் வளர்த்த ரக்கூன். ரக்கூன் கறி தின்கிறவள் ரக்கூனை வளர்ப்பாளா என்று கேட்காதீர்கள், கண்ணுகளா. எங்கள் ஊரில் இரண்டும் உண்டு. ஆனால் பேர் வைத்ததைத் தொட மாட்டோம். யாரோ வைத்த கண்ணியில் மாட்டி, முன்னங்கால் ஒடிந்து, இரண்டு விரல் போய், குட்டியாக அவள் வீட்டு விறகுக் குவியலுக்குள் கிடந்தது. துணி மாட்டும் கிளிப்பைப் பிளந்து வைத்துக் கட்டுப் போட்டாள். எலும்பு கூடிற்று, ஆனால் முடிச்சுப் போட்ட மாதிரி ஒரு மேடு நின்றுவிட்டது. வளர்ந்ததும் காட்டில் விட்டாள். விட்டாலும், இருட்டுகிற நேரத்துக்கு வந்து படியில் வைத்த சோளரொட்டியை எடுத்துக்கொண்டு போகும். மூன்று விரல் கையால் ரொட்டியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்னும். அம்ஸி விழுந்து விழுந்து சிரிப்பான். "இவன் பாஸ்டர் மாதிரி ஜெபம் பண்ணிட்டுத்தான் சாப்பிடறான்" என்பான்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் அம்ஸி கல்யாணப் பேச்சை எடுத்தான். "சனிக்கிழமை சாப்பிட வாங்க. பாஸ்டரக் கூப்பிட்டிருக்கேன், அக்காவும் இருப்பா. அன்னைக்குச் சொல்றேன்" என்றாள் வெர்லீன். அவள் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று எனக்குத் தெரியும். சமையலறை ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்திருந்தாள். ஐசோமின் சட்டைகளை மடித்து சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

"அப்போ சனிக்கிழமைக்கு ரக்கூன் என் பொறுப்பு" என்று அம்ஸி ஊரெல்லாம் சொல்லிவைத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாவுச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். நானும் வெர்லீனின் அக்கா ஸெனோவியாவும் அப்போது அங்கே இருந்தோம். ஸெனோவியாவின் பூனையை ஒரு வாரமாகக் காணவில்லை. சாம்பல் நிறத்தில் தடித்த பூனை. ஷெரிஃப் என்று, எங்கள் ஊர்ப் போலீஸ் அதிகாரியின் பதவிப்பேரை அதற்கு வைத்திருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் "ஷெரிஃப்! ஷெரிஃப்!" என்று தெருவில் கூப்பிட்டுக்கொண்டு போக, வெளியூர்க்காரர் ஒருவர் பயந்து காரை ஓரம் கட்டிவிட்டார்.

சாக்கைப் பிரித்தது ஸெனோவியாதான். உள்ளே பார்த்தவள் மறுபடி நன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"பாதம் எங்க?"

"நாய் தின்னுடுச்சு அக்கா" என்றான் அம்ஸி. "நம்ம ப்ளூதான். உரிச்சு வச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள கவ்விட்டான்."

"நாலு பாதத்தையுமா?"

"பசி."

"கறிய விட்டுட்டு, பாதத்த மட்டும் தின்னானாக்கும். ரொம்ப ஒழுக்கமான நாய்."

அம்ஸி சிரித்தான். சிரித்தானே தவிர அவளைப் பார்க்கவில்லை. தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். வெர்லீன் காபிக் கெண்டியை எடுத்தாள். "இன்னைக்கு வேண்டாம் வெர்லீன், வேலை கிடக்கு" என்றவன் முன்வாசல் வழியாகவே போய்விட்டான். பின்கட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் லாரியின் சத்தம் அடங்கும்வரை ஸெனோவியா பொறுத்திருந்தாள்.

"அது ஷெரிஃப்."

"அக்கா, சும்மா இரு."

"ஒரு வாரமாக் காணோம். இந்தா கிடக்கு, அதே நீளம், அதே தொந்தி. என் பிள்ளைய நீ உப்புத்தண்ணியில ஊறப் போடப் போற."

"உன் பூனைக்கு இவ்வளவு கொழுப்பு ஏது?"

"நான் என்ன அதைப் பட்டினியா போட்டேன்?"

வெர்லீன் வாளியில் உப்பும் வினிகரும் கலந்து அதை முக்கி வைத்து, தட்டால் மூடி, மேலே ஒரு செங்கல்லும் வைத்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. சேஜ் இலைத்தூள் தீர்ந்திருந்ததால் வாங்கிவரக் கடைக்குப் போனேன். கடைக்கார லெமுவேல் பொட்டலத்தை மடித்தபடி கேட்டார்.

"நாளைக்குப் பெரிய விருந்தாமே? அம்ஸி வந்து சொல்லிட்டுப் போனான். நல்ல ரக்கூனாம். கண்ணியில பாதம் நசுங்கிப்போச்சாம், அதான் வெட்டி எறிஞ்சிட்டானாம்."

"நாய் தின்னதா சொன்னாரே?"

"என்கிட்ட கண்ணின்னுதான் சொன்னான்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வயதில் என் வாய்க்குப் பூட்டு கிடையாது. திரும்பி வந்து இருவரிடமும் சொன்னேன்.

"நாலு காலும் ஒரே கண்ணியில மாட்டிச்சாமா?" என்று ஸெனோவியா எழுந்தே விட்டாள். "உள்ள நின்னு டான்ஸ் ஆடிச்சோ?"

"ஆம்பளைங்க ஒரு கதைய ரெண்டு இடத்துல ஒரே மாதிரி என்னைக்குச் சொல்லியிருக்காங்க?" என்று வெர்லீன் சிரித்தாள். சிரித்தபடியே பாத்திரம் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

"பூனைய மறைக்கிறவன் நாளைக்கு எத மறைக்க மாட்டான்? அந்த ஆளுக்குத் தலையாட்டறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கடி" என்றாள் அக்கா.

"நாளைக்கு வெட்டும்போது தெரிஞ்சிடும். அக்குள்ள முடிச்சு இருந்தா ரக்கூன். இல்லன்னா நான் உன் கால்ல விழறேன்."

ரக்கூனின் முன்னங்கால் அடியிலும் முதுகோரமும் மெழுகு உருண்டை மாதிரி முடிச்சுகள் இருக்கும். அவற்றை முழுசாகத் தோண்டி எடுக்காமல் அடுப்பில் வைத்தால் வீடே நாறும். சமைக்கிற பெண்கள் எல்லாருக்கும் அது கைப்பழக்கம்.

சனிக்கிழமை காலையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சீவிக் கொடுக்கப் போனேன். ஸெனோவியா எனக்கு முன்பே வந்துவிட்டாள். சாவு வீட்டுக்குப் போடுகிற கறுப்புத் தொப்பியைப் போட்டிருந்தாள்.

"சாப்பிட வரல. அடையாளம் காட்ட வந்திருக்கேன்" என்றாள்.

வெர்லீன் வாளியின் மூடியை எடுக்கக் குனிந்தாள். அதே நேரத்தில் முன்கதவுப் பக்கம் பிராண்டுகிற சத்தம் கேட்டது. போய்த் திறந்தேன். வயிறு ஒட்டி, மீசையெல்லாம் வைக்கோலோடு, ஷெரிஃப் நின்றது. யார் வீட்டு வைக்கோல் கொட்டகையிலோ அடைபட்டுக் கிடந்திருக்க வேண்டும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீட்டுக்காரன் மாதிரி உள்ளே நடந்தது.

ஸெனோவியா போட்ட கூச்சலை இப்போதும் என்னால் மறக்க முடியாது. பூனையை வாரி எடுத்து, முத்தம் கொடுத்து, "எங்கடா போய்த் தொலஞ்ச தடிப்பயலே" என்று அடித்து, மறுபடி முத்தம் கொடுத்தாள். பிறகு தொப்பியைக் கழற்றினாள்.

"பாவம் அந்த மனுஷன். என்னவெல்லாம் பேசிட்டேன். வெர்லீன், நான் போய் ஒரு கேக் போட்டுக்கிட்டு வர்றேன். அவருக்கு முன்னாடி எல்லார் காதிலயும் விழற மாதிரி மன்னிப்புக் கேக்கறேன். நீ சந்தோஷமாச் சரின்னு சொல்லு."

பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நானும் சிரித்துக்கொண்டே திரும்பினேன். வெர்லீன் சிரிக்கவில்லை.

"மெர்டிஸ்" என்றாள். "பூனை இல்லன்னா, பாதத்த எதுக்கு வெட்டணும்?"

"நாய் தின்னிருக்கும்."

"நாய் கடிச்சா பிஞ்சு தொங்கும். இங்க பாரு." வாளியிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்தாள். மூட்டு பார்த்துக் கத்தியால் சுற்றி அறுத்த தடம், வழவழவென்று இருந்தது. "ரக்கூனத்தான் கொண்டுவந்திருக்காரு. ரக்கூன்னு காட்டத்தான் பாதம். அதை வேலமெனக்கெட்டு வெட்டுவானேன்?"

அவள் பின்கட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். நானும் பார்த்தேன். படியில் சோளரொட்டித் துண்டு அப்படியே இருந்தது. பனி பிடித்து வெளுத்துப்போய், ஓரத்தில் குருவி கொத்தியிருந்தது. அதன் பக்கத்தில் முந்தின நாள் துண்டும் இருந்தது.

வெர்லீன் அதைப் பலகையில் போட்டாள். அக்குளில் விரலை விட்டு முடிச்சுகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். ரக்கூன்தான், அதில் சந்தேகமில்லை. பிறகு இடது முன்னங்காலைப் பிடித்து, மூட்டைத் தேடி விரலைக் கீழே இறக்கினாள். பாதி வழியில் விரல் நின்றுவிட்டது.

அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் வைத்தாள். கறிக்கு அடியில், எலும்பில், முடிச்சுப் போட்ட மாதிரி ஒரு மேடு.

"காட்டுல இருக்கறது எதுக்கு வேணாலும் கால் ஒடியும் வெர்லீன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஒடியும்."

"தானாக் கூடவும் செய்யும்."

"செய்யும்." கையைத் துடைத்துக்கொண்டாள். "கண்ணிக்கு ஆள் தெரியாது மெர்டிஸ். தெரியாம விழுந்திருந்தா விழுந்துடுச்சு. வந்து சொல்லியிருந்தா நான் அழுதுட்டு விட்டிருப்பேன். ஆனா அந்த மூணு விரலப் பார்த்துட்டு, இன்னாருன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதை வெட்டி வீசிட்டு, என் கையாலயே சமைக்கக் கொண்டாந்து குடுத்தாரா? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

"வந்ததும் நேரா கேட்டுடேன்."

"கேட்டா மூணாவது கதை வரும்."

அன்றைக்கு அவள் சமைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கொழுப்பை எல்லாம் சீவித் தள்ளினாள். வெங்காயம், காய்ந்த மிளகாய், பிரிஞ்சி இலை போட்டு வேகவைத்து, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்தாள். தட்டில் அடுக்கி, சுற்றிலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வைத்து, சேஜ் தூவி, அடுப்புக்குள் தள்ளினாள். வழக்கமாகச் சமைக்கும்போது பாடுவாள். அன்றைக்கு வீட்டில் கொதிக்கிற சத்தம் மட்டும்தான். அப்புறம் தனியாக ஒரு கோழியும் வறுத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மூன்று மணி சுமாருக்கு எல்லாரும் வந்தார்கள். பாஸ்டர் ஹார்வெல் கோட்டைக் கழற்றும்போதே மூக்கை உயர்த்தி மோந்தார். ஸெனோவியா ஒரு கையில் கேக்கும் மறு கையில் பூனையுமாக வந்தாள். அம்ஸி புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, ப்ளூவை முன்வாசலில் படுக்கவைத்துவிட்டு வந்தான்.

ஜெபம் முடிந்ததும் ஸெனோவியா தொண்டையைக் கனைத்தாள்.

"பிரதர் டோலிவர், நான் உங்கமேல ஒரு பழி போட்டேன். நீங்க என் பூனையத்தான் உரிச்சுக் கொண்டாந்திட்டீங்கன்னு சொன்னேன். கர்த்தர் என்னை மன்னிக்கணும். இதோ என் மடியிலயே உக்காந்திருக்கு சாட்சி."

பாஸ்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்ஸி அதைவிடப் பலமாகச் சிரித்தான். எல்லாரும் நிறுத்திய பிறகும் சிரித்தான். ஒரு பெரிய கண்டம் தப்பின மனுஷனின் சிரிப்பு அது. நான் வெர்லீனைப் பார்த்தேன். அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளே எழுந்து பரிமாறினாள். பாஸ்டருக்குத் தொடை, அக்காவுக்கு முதுகுக் கறி. கடைசியில் அம்ஸியின் தட்டில் இடது முன்னங்காலை வைத்தாள். வெந்து கறி பின்வாங்கியிருந்ததில் எலும்பின் மேடு வெளியே தெரிந்தது.

"இது உங்களுக்குன்னே எடுத்து வச்சது" என்றாள்.

அம்ஸி தட்டைப் பார்த்தான். முட்கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்ன, ஏதாவது சொல்லணுமா?" வெர்லீன் மிருதுவாகத்தான் கேட்டாள். அந்தக் கேள்வியில் அவள் அவனுக்கு எவ்வளவு பெரிய கதவைத் திறந்துவைத்தாள் என்று எனக்குத் தெரியும். அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா என்று காத்திருந்தேன்.

"வாசனையே ஆளத் தூக்குது. வேறென்ன சொல்ல?" என்றான் அம்ஸி. துண்டைத் திருப்பி, மேடு அடிப்பக்கம் போகும்படி வைத்து, சாப்பிடத் தொடங்கினான். ரசித்துத்தான் சாப்பிட்டான். பாஸ்டர் இரண்டாம் முறை வாங்கினார். ஸெனோவியா எலும்பை உறிஞ்சினாள். வெர்லீன் கோழியில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள், நானும் கோழிதான்.

"நீ சாப்பிடலையா வெர்லீன்?" என்று அம்ஸி கேட்டான்.

"சமைச்சு சமைச்சே வயிறு நிறைஞ்சிடுச்சு."

தட்டுகளை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் சமையலறைக்குப் போனோம். வெர்லீன் அம்ஸியின் தட்டைத் தொட்டித் திண்டில் வைத்தாள். ரொட்டித்துணுக்கு இருந்தது, கிழங்குத் தோல் இருந்தது. எலும்பு இல்லை.

"ஷெரிஃப் இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றேன்.

"ஷெரிஃப் அக்கா மடிய விட்டு இறங்கவேயில்ல."

தட்டுப் பக்கத்தில் கை துடைக்க விரித்து வைத்த துணியும் இல்லை. ஓரத்தில் நீலப் பூ போட்டு அவளே தைத்த துணி. மேசைக்குக் கீழே நான் குனிந்து பார்த்தேன். அங்கேயும் இல்லை.

அம்ஸி முன்வாசலுக்குப் போய் நின்றிருந்தான். பதிலுக்காகத்தான். பாஸ்டரும் ஸெனோவியாவும் நாகரிகமாக உள்ளேயே இருந்துகொண்டார்கள். வெர்லீன் வெளியே போனாள். நான் கதவோரம் நின்றேன். போகக் கூடாது என்று தோன்றியது, ஆனாலும் நின்றேன்.

ப்ளூ எழுந்து வந்து அம்ஸியின் கோட்டுப் பையில் மூக்கை நுழைத்தது. அவன் முழங்காலால் தள்ளினான். அது வாலை ஆட்டிக்கொண்டு மறுபடி நுழைத்தது. "போடா, போ" என்றான். அதற்கு அந்தப் பையை விட மனசில்லை.

வெர்லீன் கையை நீட்டினாள்.

"எடு" என்றாள். "அத நாய்க்குப் போட்டுடாத."

அதுவரை அவனை அவள் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. அம்ஸி முதலில் புரியாத மாதிரி பார்த்தான். பிறகு தோள் இறங்கிவிட்டது. பைக்குள் கையை விட்டு, நீலப் பூத் துணியில் சுற்றியதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"ஒரு வாரமா கண்ணியில எதுவுமே விழல வெர்லீன்" என்றான். "வெள்ளிக்கிழம காலையில போனா இதுதான் கிடந்துச்சு. செத்துப் போயிருந்துச்சு. ஊரெல்லாம் சொல்லி வச்சிட்டேன். பாஸ்டர் வேற வர்றாரு. வெறுங்கையோட உன் வாசல்ல வந்து நிக்க முடியல."

"வெறுங்கையோட வந்திருந்தா இன்னைக்குச் சரின்னு சொல்லியிருப்பேன்."

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு லாரியை நோக்கி நடந்தான். நாய் மட்டும் திரும்பித் திரும்பி வெர்லீனின் கையைப் பார்த்துக்கொண்டே போனது.

வெர்லீன் துணியை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். ஸெனோவியா கேக் கத்தியும் கையுமாக ஓடிவந்தாள்.

"என்னடி, அவரு கிளம்பிட்டாரே? சரின்னு சொன்னியா இல்லையா?"

"இல்லன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி? அதான் பூனை கிடைச்சிருச்சே!"

பூனை மேசைக்கு மேலே ஏறி உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது. வெர்லீன் அதன் தலையை ஒருமுறை தடவினாள்.

"கிடைச்சிருச்சுக்கா" என்றாள். "கேக்க வெட்டு. பாஸ்டர் காத்துக்கிட்டிருக்காரு."